நடுநிலையும் நடுநிலையாக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். முதல் உலகப்போரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கிய இரவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் தண்டையார்பேட்டைக்காரன், எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்தபடியே வளர்ந்தவன். அந்த இரவுக்குப் பின் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போனவர்களின் கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். ஆனால் கட்டுரையின் முடிவில் “பெல்ஜியம், ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன், பிற்கால இந்தியா போன்ற நடுநிலை நாடுகள்” என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். பெல்ஜியத்தை நடுநிலையாக இருக்கச் சொன்னவர்கள் மற்றவர்கள். ஸ்வீடன் தானாக ஒதுங்கி நின்றது. இந்தியாவோ தன்னை அணிசேரா நாடு என்றுதான் சொல்லிக்கொண்டது. இந்த நான்கையும் ஒரே பெயரில் அடக்கலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இலங்கையை ஸ்விட்சர்லாந்தைப் போல நிரந்தர நடுநிலை நாடாக ஆக்கிவிட்டால் அதன் துறைமுகங்களுக்காக வல்லரசுகள் போடும் போட்டி முடிந்துவிடும் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். சட்டப்படி அது நடக்கக்கூடியதா?

பணிவுடன்,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சுட்டிக்காட்டியது பிழைதான். அவசரத்தில் எழுதிய வரி அது. ஆனால் அந்தப் பிழைக்கு என் அவசரம் மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. ‘நடுநிலை’ என்றதும் நம் மனத்தில் திருக்குறளின் ‘நடுவு நிலைமை’ அதிகாரமும் அதில் வரும் துலாக்கோலும் எழுந்துவிடுகின்றன. துலாக்கோல் எடைபோடுகிறது, எந்தத் தட்டு தாழ்கிறது என்று சொல்கிறது; அது நீதிபதியின் குணம். சர்வதேசச் சட்டத்தின் நடுநிலை இதற்கு நேர் எதிரானது. யார் பக்கம் நியாயம் என்று எடைபோட மறுப்பதும், போரிடும் இருவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுமே அது. அநியாயக்காரனுக்கும் அநியாயத்துக்கு ஆளானவனுக்கும் துறைமுகத்தில் ஒரே கெடுவைத்தான் நடுநிலை நாடு கொடுக்க வேண்டும். இதை அறம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி 1907இல் ஹேக் நகரில் எழுதப்பட்டது. நிலப்போருக்கு ஐந்தாம் உடன்படிக்கை, கடற்போருக்குப் பதின்மூன்றாம் உடன்படிக்கை. போர் மூண்ட பிறகு, அதில் சேராத எந்த நாட்டுக்கும் இவை பொருந்தும். அதற்கு முன்கூட்டியே எவரிடமும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டியதில்லை.

எம்டன் வங்காள விரிகுடாவில் சுற்றிய நாட்களிலேயே இந்தச் சட்டம் வேலை செய்வதைப் பார்க்கலாம். 1914 செப்டம்பரில் இத்தாலி போருக்கு வெளியே இருந்தது. அதனால் லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை நிறுத்திய எம்டனின் தலைவர் ஃபான் முல்லர், அதை மூழ்கடிக்காமல் போகவிட்டார். அந்தக் கப்பலின் தலைவரோ போகும் வழியிலேயே பிரிட்டிஷ் தரப்பை எச்சரித்துவிட்டார். பொன்டோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பலின் கதை வேறு. கிரீஸும் அப்போது நடுநிலைதான், ஆனால் கப்பலில் இருந்தது பிரிட்டிஷாருக்கான நிலக்கரி. கொடி நடுநிலையானது, சரக்கு போருக்கானது. அந்தச் சரக்கைக் கைப்பற்றும் உரிமை போரிடும் நாட்டுக்கு உண்டு என்பதால் ஃபான் முல்லர் கப்பலைத் தன்னோடே வைத்துக்கொண்டார். நம் ஊரில் சாமர்த்தியசாலியை ‘எம்டன்’ என்று சொல்லும்போது இந்தச் சட்டப்புலமையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

துறைமுக விதிகள் இன்னும் சுவையானவை. நடுநிலை நாட்டின் சட்டம் வேறு விதமாகச் சொல்லாதவரை, போர்க்கப்பல் ஒன்று அதன் துறைமுகத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கடலில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் அளவுக்குத்தான் பழுதுபார்க்கலாம். சண்டைத் திறனைக் கூட்டக்கூடாது. நிலக்கரி ஏற்றிக்கொண்டால், மூன்று மாதத்துக்குள் அதே நாட்டின் துறைமுகத்தில் மறுபடி ஏற்ற முடியாது. எதிரி நாட்டு வணிகக் கப்பல் கிளம்பியிருந்தால், அதன் பின் 24 மணி நேரம் கழித்தே போர்க்கப்பல் கிளம்ப வேண்டும். 1939 டிசம்பரில் ஜெர்மனியின் போர்க்கப்பலான கிராஃப் ஸ்பீ சேதமடைந்து உருகுவேயின் மான்டிவிடியோவுக்குள் புகுந்தபோது, அந்நாடு 72 மணி நேரம் கொடுத்தது. பிரிட்டிஷார் தங்கள் வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பி, கடைசி விதியைக் கொண்டே அதைத் துறைமுகத்தில் கட்டிப்போட முயன்றார்கள். டிசம்பர் 17 அன்று ஜெர்மானியர்களே அக்கப்பலைத் தகர்த்து மூழ்கடித்தார்கள்.

இதுவரை சொன்னது நடுநிலை. நடுநிலையாக்கம் வேறு. இரண்டு குப்பங்கள் வலைத் தகராறில் இறங்கும்போது மூன்றாவது குப்பம் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது நடுநிலை, நாளைக்கே மனம் மாறலாம். ஆனால் எல்லாக் குப்பத்துப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து, “முகத்துவாரத்தை ஒட்டிய இந்தக் குப்பத்தின் மேல் எவரும் கைவைக்கக்கூடாது, இதுவும் எவரோடும் சேரக்கூடாது” என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது நடுநிலையாக்கம். பாதுகாப்பு கிடைக்கிறது. அதற்கு விலையாக, யாரோடு சேர்வது என்று முடிவுசெய்யும் உரிமை போய்விடுகிறது.

பெல்ஜியம் கொடுத்த விலை அதுதான். 1839 ஏப்ரல் 19 அன்று லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா ஆகிய ஐந்து வல்லரசுகளும் அதன் நிரந்தர நடுநிலைக்கு உத்தரவாதம் அளித்தன. 1867இல் அதே லண்டனில் லக்ஸம்பர்க்கும் நடுநிலையாக்கப்பட்டது. பிரஷ்யப் படை வெளியேறி, கோட்டை இடிக்கப்பட வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் லக்ஸம்பர்க்குக்குக் கிடைத்தது ‘கூட்டு’ உத்தரவாதம். கூட்டு என்றால் எல்லோரும் சேர்ந்தால்தான் கடமை, எவரும் தனியாக வாளெடுக்க வேண்டியதில்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர்கள் கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்லிவிட்டார்கள். உத்தரவாதம் கொடுத்தவர்களில் பிரஷ்யாவும் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். மீறுபவரே கூட்டாளியாக இருக்கும்போது கூட்டு எப்படிச் சேரும்?

1914 ஆகஸ்ட் 2 அன்று, பிரஷ்யாவின் தலைமையில் உருவாகியிருந்த ஜெர்மனியின் படை லக்ஸம்பர்க்குக்குள் நுழைந்தது. பிரிட்டன் அதற்காகப் போருக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவே பிரிட்டன் போர் அறிவித்தது. பிரிட்டனுக்கு வேறு கணக்குகளும் இருந்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அது ஊரறியச் சொன்ன சட்டக் காரணம் 1839ஆம் ஆண்டின் ஒப்பந்தம், ஜெர்மானியப் பிரதமர் ‘காகிதத் துண்டு’ என்று எரிச்சலோடு குறிப்பிட்ட அந்த ஒப்பந்தம். பிரிட்டனின் உடைமை என்பதால் இந்தியாவும் கேட்காமலேயே போருக்குள் இழுக்கப்பட்டது. ஆகஸ்ட் 4இலிருந்து சரியாக ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 22 இரவு, நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உங்கள் வீட்டுக் கதையின் முதல் வரி பெல்ஜியத்தில் எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

இப்போது நீங்கள் சுட்டிய என் பட்டியலுக்கு வருகிறேன். ஒரு நாடு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, அந்த நிலையிலிருந்து வெளியேற அது என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை வைத்து நான் பிரித்துப் பார்ப்பேன். பெல்ஜியத்தை விடுவிக்க 1919இல் வெர்சாய் ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஸ்வீடனைக் கட்டியிருந்தது அதன் சொந்தக் கொள்கை மட்டுமே. எனவே 2024 மார்ச்சில் அது நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தபோது எந்த உத்தரவாத ஒப்பந்தத்தையும் ரத்து செய்ய வேண்டியிருக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தின் நிலையை வல்லரசுகள் 1815இல் அங்கீகரித்தன. ஆஸ்திரியா நடுவில் நிற்கிறது: அதன் சுதந்திரத்தை மீட்டுத் தந்த 1955 மே மாத அரச ஒப்பந்தத்தில் நடுநிலை என்ற சொல்லே கிடையாது, அந்நியப் படைகள் வெளியேறிய பின் அக்டோபர் 26 அன்று அதன் நாடாளுமன்றமே அதைச் சட்டமாக்கியது. இந்தியாவை இந்தப் பட்டியலில் சேர்த்ததுதான் என் பெரும் பிழை. அணிசேராமை சமாதான காலத்து வெளியுறவுக் கொள்கை. ஒவ்வொரு விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லும் சுதந்திரத்தை வைத்துக்கொள்வதற்காகவே அது உண்டானது. குறளின் துலாக்கோலுக்கு அருகில் வருவது அதுதான், ஸ்விட்சர்லாந்து அல்ல.

இலங்கை விஷயத்தில் உங்கள் நண்பர்களின் ஆசை புரிகிறது. ஆனால் அவர்கள் ஸ்விட்சர்லாந்தைப் பார்ப்பதைவிட லாவோஸைப் பார்ப்பது நல்லது. 1962 ஜூலை 23 அன்று ஜெனீவாவில் 13 நாடுகள் லாவோஸின் நடுநிலையை மதிப்பதாக ஒப்புக்கொண்டன. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், சீனா, வடவியட்நாம் எல்லாமே அவற்றில் உண்டு. கண்காணிப்புக் குழுவின் தலைமை இந்தியாவிடம் இருந்தது. இருந்தும் வடவியட்நாமின் படைவழி லாவோஸ் காடுகளுக்குள் தொடர்ந்தது, பின்னர் அமெரிக்கக் குண்டுகளும் விழுந்தன. போட்டி போடுபவர்களுக்கு அந்த மண் தேவைப்படும்வரை கையெழுத்து நிற்பதில்லை.

சட்டப்படி தடை ஏதும் இல்லை. இந்தியா, சீனா, அமெரிக்கா ஆகியவையும் இலங்கையும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் ஆகிவிடும். அவை இடுமா என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. 1971 டிசம்பர் 16 அன்று இலங்கையின் முன்முயற்சியில், இந்தியப் பெருங்கடலைச் சமாதான மண்டலமாக அறிவிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு எதுவுமில்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 55. ஒதுங்கியவற்றில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் நான்குமே அடக்கம். அதன் பின் 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தரப்படாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நடுநிலையாக்கத்தின் சாயல் இதில் இருக்கிறது. ஆனால் பாதகம் எது என்று அளக்கும் கோல் ஒரே ஒரு நாட்டின் நலன். அதை நடுநிலை என்று கொழும்பில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். இந்தியாவை எடுத்துவிட்டேன், பெல்ஜியத்தின் பக்கத்தில் லக்ஸம்பர்க்கைச் சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்.