முடி வளர்கிறது, நுனியில் போகிறது: நீளமுடி கேள்வி பதில்

காரைக்குடியில் பார்லர் வைத்திருக்கிறேன், என் முடியும் முழங்காலைத் தொடும். அதனால் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் முடியைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. இந்த முறை எல்லோரையும் எழுதிக் கேட்கச் சொன்னேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். டாக்டரிடம் போக வேண்டிய விஷயத்துக்கு எண்ணெய்க் குறிப்பு சொல்ல மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: ஆச்சி, பிளஸ் ஒன் படிக்கும்போதே இடுப்புக்கு மேல் நாலு விரல் வரை முடி இருந்தது. இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. என்ன எண்ணெய் தேய்த்தாலும் வளர மாட்டேன் என்கிறது. வளர்ச்சியே நின்றுவிட்டதா?

நிற்கவில்லை ஆத்தா. தலைமுடி மாதத்துக்கு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும், வருடத்துக்கு 12 முதல் 15 செ.மீ. வரை. டை அடிக்கும் யாரையாவது கேட்டுப் பார், மாதம் ஒன்று ஆனதும் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்த்துவிடும். உனக்கும் அதே வேகத்தில்தான் வருகிறது. மேலே வருகிற அளவுக்குக் கீழே உடைகிறது, அதனால்தான் நீளம் மாறவில்லை.

சந்தேகம் இருந்தால் தலைக்குக் குளித்த மறுநாள் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு சிக்கெடு. விழுந்ததை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார். ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஆயுள் முடிந்து வேரோடு வந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் அப்படி விழும், நீளமுடியாக இருப்பதால் பார்க்கப் பெரிய உருண்டையாகத் தெரியும், பயப்படாதே. புள்ளியே இல்லாமல் இரண்டு விரல், நாலு விரல் நீளத்தில் துண்டு துண்டாகக் கிடந்தால் அது உடைசல். உன் கேள்வியைப் பார்த்தால் துண்டுகள்தான் அதிகம் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

உன் சடையின் நுனியில் இருக்கிற முடி நாலைந்து வருடத்துக்கு முன்னால் தலையிலிருந்து வெளியே வந்தது. அத்தனை வெயிலும் அத்தனை குளியலும் அத்தனை சீப்பும் பார்த்த முடி அது. அதைப் பெட்டியில் இருக்கிற பழைய பட்டுச்சேலையைத் தொடுவது போலத் தொட வேண்டும், நாமோ ஈரத்தில் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாகச் சீவுகிறோம். ஈரமுடி ஊறி இளகி இருக்கும், இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். முக்கால்வாசி காய்ந்த பிறகு, பல் அகலமான சீப்பால், நுனியில் நாலு விரல் சிக்கெடுத்துவிட்டு அப்புறம் ஒரு சாண் மேலே, அப்புறம் இன்னும் மேலே என்று ஏற வேண்டும். சடை முடிச்சில் வெறும் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், துணி சுற்றிய பேண்ட் போடு. காலேஜ் பையின் பட்டைக்கு அடியில் சடை மாட்டிக்கொள்கிறதா, பஸ் சீட்டில் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் நசுங்குகிறதா என்று கவனி. முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டாலே பாதி உடைசல் நிற்கும்.

நுனி வெட்டினால் வேகமாக வளரும் என்று பார்லர்காரர்களே சொல்வார்கள், வேருக்கும் நுனிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பிளந்த நுனி அப்படியே மேலே கிழிந்துகொண்டு போகும், அதை எந்த சீரமும் ஒட்ட வைக்காது. அதனால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் எடுத்துவிடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடியும் இரண்டு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை வளர்ந்து தானாக விழும், அந்தக் காலம் ஆளுக்கு ஆள் வேறு, பிறப்பில் வருவது. எல்லோருக்கும் முழங்கால் வரை வராது. ஆனால் உன் வயதில் இடுப்பைத் தாண்ட முடியாது என்று நான் நம்பவில்லை.

கானாடுகாத்தான், வாடகை வீட்டுக்குக் குடிவந்தவர்: முன்பு இருந்த ஊரில் பட்டு மாதிரி இருந்த முடி இங்கே வந்த இரண்டே மாதத்தில் சொரசொரவென்று ஆகிவிட்டது. போர் தண்ணீர்தான். ஷாம்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது.

தண்ணீரைத்தான் நானும் சந்தேகப்படுகிறேன். முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தெளிந்த பாட்டிலில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர், இரண்டிலும் குளியல் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். போர் பாட்டிலில் நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதந்தால் உப்புத் தண்ணீர், அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டியிருந்தாலும் அதுதான். அந்தப் படிவு முடியிலும் ஏறுகிறது. மேலே ஷாம்பு போட்டால் சரியாக அலசாது, அலசாததால் இன்னும் அதிகமாகப் போடுகிறோம்.

வாடகை வீட்டில் மொத்தத் தண்ணீரையும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். போர் தண்ணீரிலேயே குளித்து அலசிவிட்டு, கடைசி இரண்டு மூன்று செம்பு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். மாதம் இரண்டு தடவை, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி வினிகர் கலந்து முடியின் நீளத்தில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசினால் படிவு இறங்கும். எலுமிச்சையை நேராகத் தலையில் தேய்க்காதீர்கள், வெயிலில் போனால் தோல் பொத்துப் போகும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார், உப்பில் ஒரு பகுதி மட்டும்தான் அப்படி இறங்கும்.

நீங்கள் இருக்கிற ஊரில் பெரிய வீடுகளின் முற்றத்தைப் பாருங்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்ளே இறங்கி, மழைத்தண்ணீர் அத்தனையும் முற்றத்தில் விழும்படிதான் கட்டியிருக்கிறார்கள், அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மழைத்தண்ணீரில் இந்த உப்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையை ஓட்டைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை மூடி போட்ட டிரம்மில் பிடித்து வையுங்கள். மூடி அவசியம், இல்லாவிட்டால் கொசு. கடைசி அலசலுக்கு மட்டும் என்றால் ஒரு டிரம் நிறைய நாள் வரும்.

தேவகோட்டை, ஒரு அம்மா: ஆறாவது படிக்கும் மகளுக்கு ஸ்கூலில் ரெட்டைச் சடை மடித்துக் கட்ட வேண்டும். நெற்றி ஓரம் முடி குறைந்துகொண்டே வருகிறது.

இழுத்துக் கட்டுவதால்தான். சடை பின்னி முடித்ததும் குழந்தை புருவத்தைத் தூக்கிப் பார்க்கட்டும், இழுக்கிறது என்றால் அவிழ்த்துவிடுங்கள். வகிட்டை வாரம் ஒரு தடவை இடம் மாற்றுங்கள். பின்னலைக் காதுக்கு மேலே ஆரம்பிக்காமல் கழுத்துப் பக்கமாகத் தளர்வாக ஆரம்பியுங்கள், வீட்டுக்கு வந்ததும் ரிப்பனை அவிழ்த்துவிடுங்கள். இப்போதே நிறுத்தினால் முடி திரும்ப வரும், வருடக் கணக்கில் விட்டால் அந்த இடத்தில் வேரே செத்துப்போகும். அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள், டீச்சரிடம் பேச வேண்டி வந்தாலும் பேசுங்கள்.

கோட்டையூர்: ஆச்சி, ரெண்டு பிள்ளைகளுக்கும் பேன். மாமியார் சீத்தாப்பழ விதையை அரைத்துப் போடச் சொல்கிறார். முடியை வெட்டிவிடட்டுமா?

வெட்ட வேண்டாம், விதையும் வேண்டாம். சீத்தாப்பழ விதை பேனைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். குளிக்கும்போது வழிந்து கண்ணில் இறங்காமல் எந்தப் பிள்ளை இருக்கும்? மண்ணெண்ணெயும் கூடவே கூடாது. மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கேளுங்கள், பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். முதல் தடவை பேன் சாகும், ஈர் தப்பிக்கும். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் ஒன்பதாம் நாள் மறுபடியும் போட வேண்டும். இந்த இரண்டாவது தடவையை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். நடுவில் மூன்று நாளைக்கு ஒரு முறை தலை நிறைய கண்டிஷனர் பூசி, ஈரத்தோடு பேன் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சீவுங்கள், வழுக்கலில் முடியும் உடையாது. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், மாமியார் தலையையும் சேர்த்து.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் புதுவயல்: குழந்தைக்கு நாலு மாதம். கைக்கு அள்ளுகிற மாதிரி முடி கொட்டுகிறது. வழுக்கையாகிவிடுமோ என்று அழுகையாக வருகிறது.

அழாதே தாயி. கர்ப்பத்தில் விழ வேண்டிய முடியெல்லாம் விழாமல் நின்றது, இப்போது சேர்ந்து விழுகிறது. பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் ஆரம்பித்து நாலாம் மாதம் உச்சத்தில் இருக்கும், பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். கடும் காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி டயட் இவற்றுக்குப் பிறகும் இதே இரண்டு மூன்று மாதக் கணக்குதான். நெற்றியில் குட்டி குட்டியாக முடி குத்திட்டு நிற்கிறதா என்று பார், அது புதுசு. சோர்வும் மூச்சு வாங்குதலும் சேர்ந்து இருந்தால், அல்லது ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால், ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்.

பயோட்டின் மாத்திரை பற்றியும் கேட்டிருந்தாய். உடம்பில் அந்தச் சத்து குறைவாக இருந்தால்தான் பலன், குறைவாக இருப்பது அபூர்வம். அதோடு அந்த மாத்திரை தைராய்டு டெஸ்ட் முடிவையே தப்பாகக் காட்ட வைக்கும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடு.

குன்றக்குடி, ஒரு தம்பி: பழனிக்கு முடி இறக்க நேர்ந்துகொண்டு வளர்க்கிறேன். தைப்பூசத்துக்கு நடந்து போய் அங்கே இறக்குவேன். தினமும் ஹெல்மெட், வியர்வை, பொடுகு. எண்ணெய் வைக்க வைக்கப் பொடுகு அதிகமாகிறது.

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் தம்பி. எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிற ஒரு பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது, அது பெருகினால்தான் பொடுகு. நீங்கள் அதற்குச் சோறு போடுகிறீர்கள். பொடுகு அடங்கும் வரை தலைத்தோலில் எண்ணெயை நிறுத்துங்கள், நுனிப்பக்கம் மட்டும் வைக்கலாம். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு தடவை, தோலில் மட்டும் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். போட்ட உடனே அலசினால் காசுதான் போகும். ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் தோல் டாக்டர். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு தினமும் அதைத் துவைத்துவிடுங்கள். ஈரத்தலையில் ஹெல்மெட் மாட்டாதீர்கள். நேர்ந்துகொண்ட முடி, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வருமா என்று கூடவே கேட்டீர்கள். வராது. வெட்டுப்பட்ட முனை தட்டையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைகளுக்கும் இதே பதில்.

செட்டிநாட்டிலிருந்து மூன்று பேர்: எந்த எண்ணெய்? சீயக்காயா ஷாம்புவா?

எண்ணெய் முடியை வளர்க்காது, இருக்கிற முடியைக் காப்பாற்றும். அதில் தேங்காய் எண்ணெய்க்கு ஈடு இல்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் வைத்துப் பார்த்ததில், முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள்ளேயே இறங்குகிறது, அதனால் குளிப்பதற்கு முன்னால், முந்தின இரவோ ஒரு மணி நேரம் முன்போ, நீளம் முழுக்கத் தடவுங்கள். கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சினால் வாசம் நன்றாக இருக்கும், கருகவிடாமல் காய்ச்சுங்கள். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை, உடம்புக்குச் சுகம்.

சீயக்காய் எனக்குப் பிடிக்கும். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு நூறு கிராம் வெந்தயமும் பூலாங்கிழங்கும், இரண்டு கைப்பிடி காய்ந்த ஆவாரம்பூ, இதுதான் என் அளவு. ஆனால் தூளை அப்படியே நீளமுடியில் போட்டுத் தேய்த்தால் துகள் ஒவ்வொன்றும் முடியை உரசும், அலசியும் போகாது. வடிகஞ்சியில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறிய சாற்றை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு ஷாம்பு போட்டாலும் பாவமில்லை, தலைத்தோலில் மட்டும் போடுங்கள், வழிகிற நுரையே நீளத்துக்குப் போதும், பிறகு நுனிக்குக் கண்டிஷனர்.

துவட்டுவதற்குத் தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். கிழிந்த கண்டாங்கிச் சேலை வீட்டில் இருந்தால் ஒரு கெஜம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அழுத்தி ஒற்றுங்கள். துண்டால் படார் படாரென்று முடியை அடித்து உலர்த்துவதை விட்டுவிடுங்கள், நுனி பிளப்பதற்கு அது ஒன்றே போதும். ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீர்கள், வாடை வரும்.

காரைக்குடி, அறுபதைத் தாண்டியவர்: கருப்பு மெஹந்தி போட்டதிலிருந்து காதோரம் அரிப்பு.

உடனே நிறுத்துங்கள் ஆச்சி. மருதாணி கருப்பாகப் பிடிக்காது, கருப்பு என்றால் பெரும்பாலும் பி.பி.டி. என்கிற டை கலந்திருக்கும். ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த தடவை இன்னும் மோசமாகும், முகமே வீங்கலாம். அரிப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

தேவகோட்டை, கல்யாணப் பெண்: மூன்று மாதத்தில் கல்யாணம். ஜடை அலங்காரத்துக்கு முடி நீளம் போதாது, அதற்குள் வளர என்ன செய்யலாம்?

மூன்று மாதத்தில் மூன்று நாலு செ.மீ. வரும், அதற்கு மேல் யார் வாக்குக் கொடுத்தாலும் நம்பாதே. நீளத்துக்குச் சவுரி வைத்துக்கொள்ளலாம், நன்றாக இருக்கும். சவுரியும் பூவும் குஞ்சலமும் சேர்ந்தால் பாரம் அதிகம், அத்தனையையும் உச்சியில் ஒரே பின்னில் தொங்கவிடச் சம்மதிக்காதே, பின்னலோடு பிணைத்து நாலைந்து இடத்தில் பிடிக்கச் சொல். முகூர்த்தம் முடிந்து சாப்பிட உட்காருவதற்கு முன்பே கழற்றிவிடு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஸ்ட்ரெய்ட்னிங், புது டை, புது எண்ணெய் எதுவும் வேண்டாம். நுனி வெட்ட வேண்டுமென்றால் இந்த வாரமே வா, அரை அங்குலம் எடுத்துவிடுகிறேன்.