மருந்தே வேண்டாம் என்கிற அண்ணனுக்கு

மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமில்லாத அச்சங்கள் எழுவது போன்றவை வரும் மனநோய்) என்று மருத்துவர் சொல்லியும், "எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் பைத்தியம்" என்று அண்ணன் மாத்திரையை வீசியெறிவதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே நெஞ்சு கனக்கிறது. ஆனால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த நோய் உள்ள பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அந்தத் தெரியாமையும் நோயின் ஒரு கூறுதான்.

ஆகவே வாதாடிப் பயனில்லை. அவருக்குக் கேட்கும் குரல்களைப் பொய் என்றும் சொல்லாதீர்கள், உண்மை என்றும் ஒத்து ஊதாதீர்கள். "இரவெல்லாம் இப்படித் தூங்கவிடாமல் செய்தால் எவ்வளவு களைப்பாக இருக்கும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். தூக்கமின்மை அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லை. அதைச் சொல்லியே மருத்துவரிடம் அழைக்கலாம்.

உணவில் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தெரிந்துவிட்டால், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற அவருடைய அச்சத்துக்கு நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள், சாப்பாட்டையும் நிறுத்திவிடுவார்.

அவர் வராவிட்டால் நீங்கள் மட்டுமாவது மருத்துவரைப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஓரளவு இணங்கினால், தினசரி மாத்திரைக்குப் பதிலாகச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள். தற்கொலைப் பேச்சோ, பிறரைத் தாக்கும் முயற்சியோ, அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடப்பதோ தெரிந்தால் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் உடனே அவசர உதவியை அழையுங்கள்.