முடிவு தெரிந்த பழைய நாடகம் பிராட்வேக்கு வருவதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

"கதையும் முடிவும் எல்லோருக்கும் தெரிந்தவை, லண்டனில் ஏற்கெனவே ஓடி முடிந்தது, அது நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேக்கு வருகிறது என்றதும் நாடக ரசிகர்கள் ஏன் இப்படித் துள்ளுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித் துள்ளும் யாரிடமோ நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நியூ ஜெர்சியில் வசிக்கும் நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். என் மைத்துனர் இதே கேள்வியை ஏளனம் கலந்து கேட்பது வழக்கம் என்பதால், பதிலில் சற்றுக் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு தெரிந்திருப்பது ஒரு குறையே அன்று. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (ஒரு விற்பனையாளனின் மரணம்) 1949-இல் முதன்முதலாக மேடையேறியபோதே தன் முடிவைத் தலைப்பில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கியது. நான் காத்திருந்ததும் அந்த நாடகத்தின் வருகைக்காகத்தான். 2019-இல் லண்டன் யங் விக் அரங்கில் மேரியன் எலியட், மிராண்டா குரோம்வெல் என்ற இரு இயக்குநர்கள், புரூக்ளினில் வாழும் லோமன் குடும்பத்தைக் கறுப்பினக் குடும்பமாக நிறுத்தி அதைப் புதிதாக மேடையேற்றினார்கள். அந்த விற்பனையாளனான வில்லி லோமனாக வெண்டெல் பியர்ஸும் அவன் மனைவி லிண்டாவாக ஷரோன் டி. கிளார்க்கும் நடித்தார்கள். அங்கிருந்து லண்டனிலேயே உள்ள பிக்கடில்லி அரங்குக்குப் போய் (அங்கே ஒரு நாள் காட்சியின் நடுவிலேயே உட்கூரையின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து சிலர் காயமடைந்தார்கள்), 2020 ஜனவரியில் நாடகம் நிறைவடைந்தது. அடுத்து நியூயார்க்குதான் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, மார்ச் 12 அன்று பெருந்தொற்றால் பிராட்வே முழுவதும் இழுத்து மூடப்பட்டது. கடைசியில் 2022 செப்டம்பரில்தான் பிராட்வேயின் ஹட்சன் அரங்கில், முறையான தொடக்கத்துக்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சிகள் தொடங்கின. மில்லரின் நாடகம் முதலில் அரங்கேறிய மொரொஸ்கோ அரங்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. 1982-இல் அதை இடித்துவிட்டு ஓட்டல் கட்டிவிட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் எங்களுக்கு இருந்தது ஆசை மட்டுமல்ல, பயமும்தான். கடல் தாண்டும்போது ஒரு நாடகம் அப்படியே வந்து சேர்வதில்லை. நெருக்கமான அரங்குக்காக உருவான நடிப்பு, ஏறக்குறைய ஆயிரம் இருக்கைகள் கொண்ட கூடத்தின் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். நடிகர்களும் மாறிவிடுவார்கள். மூத்த மகன் பிஃப் வேடம் லண்டனிலேயே அரின்ஸே கீனிடமிருந்து ஷோப்பே டிரீசுவுக்குப் போய், நியூயார்க்கில் கிறிஸ் டேவிஸிடம் வந்தது. முதன்மை வேடங்களில் பியர்ஸும் கிளார்க்கும் மட்டுமே தொடர்ந்தார்கள். குரோம்வெல் இம்முறை தனியாக இயக்கினார். லண்டனில் பார்த்தவர்கள் புகழ்ந்த நாடகமும் எங்களுக்குக் கிடைக்கப்போகிற நாடகமும் ஒன்றுதானா என்ற ஐயம், விளக்குகள் அணையும்வரை எனக்கு இருந்தது.

ஐயம் தீர்ந்த இடத்தைச் சொல்கிறேன். அறுபத்து மூன்று வயது வில்லி, ஊர் ஊராக அலைய முடியவில்லை என்று சொல்லி, உள்ளூரிலேயே ஒரு வேலை கேட்டு இளம் முதலாளி ஹோவர்டின் அறைக்குப் போகிறான். ஹோவர்டோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் மகளின் சீட்டியொலியை ஓடவிட்டு, பேச வந்தவரைக் கேட்டு ரசிக்கச் சொல்கிறான். வாரம் அறுபத்தைந்து டாலரில் தொடங்கிய வில்லியின் கோரிக்கை ஐம்பதாகிறது, பிறகு நாற்பதாகிறது. அந்த ஹோவர்ட் பிறந்த அன்று, இந்தப் பெயர் வைக்கலாமா என்று அவன் தந்தை கருத்துக் கேட்டதே வில்லியிடம்தான். நான் பலமுறை படித்த காட்சி இது. ஆயினும் கெஞ்சுபவர் கறுப்பினத்தவராகவும் மறுப்பவர் வெள்ளையராகவும் எதிரெதிரே நின்றபோது, மில்லரின் அதே உரையாடலுக்குள் அமெரிக்காவின் வரலாறு முழுவதும் வந்து உட்கார்ந்துகொண்டது. உரை மாறாமலே பொருள் மாறும் இந்த வித்தையைக் காணத்தான் நாங்கள் பழைய நாடகங்களுக்குப் போகிறோம்.

இவ்விடத்தில் ஒரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். வில்லியின் இறந்துபோன அண்ணன் பென், அவன் நினைவிலிருந்து எழுந்து வருபவர். அவ்வேடத்தில் ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ் நுழைந்ததும் கூடம் கைதட்டிக் குலுங்கியது. அவர் பெரிய கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் மனத்துக்குள் நடமாடும் ஆவிக்குப் பார்வையாளர்கள் வரவேற்பு அளித்தால் அந்த மனம் என்ன ஆவது? நட்சத்திரம் தலைகாட்டியவுடன் தட்டும் இப்பழக்கத்தை நியூயார்க் என்றுதான் விடுமோ தெரியவில்லை.

"எல்லாம் பணமிருப்பவர்களின் பேச்சு" என்று யாராவது பின்னூட்டம் இடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: டிக்கெட் விலை அநியாயம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டைம்ஸ் சதுக்கத்துச் சிவப்புப் படிகளின் கீழுள்ள டி.கே.டி.எஸ். சாளரத்தில் அன்றைய காட்சிகளுக்குத் தள்ளுபடியில் டிக்கெட் தருகிறார்கள். வரிசையில் கால்கடுக்க நிற்கப் பொறுமை இருந்தால், கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம்.

"டஸ்டின் ஹாஃப்மன் நடித்த 1985-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம் இருக்கிறதே, மாப்பிள்ளை, வீட்டிலேயே பார்க்கலாமே" என்று மைத்துனர் அப்போது சொன்னார். பார்க்கலாம், நல்ல படம். ஆனால் அது வேறு வில்லி. இப்படி மாற்றலாகி வரும் நாடகங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில வாரங்களுக்கே ஒப்பந்தமானவை. நடிகர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டால் அந்த நாடகம் அத்தோடு சரி. ஹட்சனில் 2023 ஜனவரி 15 அன்று கடைசிக் காட்சி நடந்தது. அலுவலகத்தில் யாரோ புகழ்ந்ததைக் கேட்டு, இரண்டு டிக்கெட் எடுத்துத் தர முடியுமா என்று மைத்துனர் என்னை அழைத்தது பிப்ரவரியில்.