கேள்வி–பதில்: நான்கு பெயர்களை அடித்துவிட்டால் குழாயில் என்ன மாறும்?

கேள்வி: குடிநீரில் உள்ள 'நிரந்தர ரசாயனங்களுக்கு' விதித்த வரம்பை அமெரிக்க அரசு தளர்த்துகிறது என்று ஒரே கூச்சல். சின்ன ஊர்களால் செலவு தாங்க முடியாது, கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் என்ன குற்றம்? சுற்றுச்சூழலைக் காரணம் காட்டித்தானே காற்றாலைகளையும் நிறுத்தினார்கள்? அதை ஏன் ஒருவரும் பாராட்டவில்லை? இன்னொன்று: நார்த் கரோலினா, வில்மிங்டனில் இருக்கும் என் மகள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாள். அது போதுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது.

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும். பி.எஃப்.ஏ.எஸ். என்கிற இந்த ரசாயனக் குடும்பத்தில் கார்பனும் ஃபுளோரினும் கோத்திருக்கும் பிடி அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. தண்ணீர்தான் ஆவியாகும், ரசாயனம் பாத்திரத்திலேயே தங்கிவிடும். இரண்டு லிட்டரை ஒன்றரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், குடிக்கிற ஒவ்வொரு டம்ளரிலும் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டுக்கு வருவது நகரக் குழாய்த் தண்ணீரா, சொந்தக் கிணற்று நீரா? நகரத் தண்ணீர் என்றால், அங்குள்ள சுவீனி சுத்திகரிப்பு நிலையத்தில் 2022 அக்டோபரிலிருந்து பெரிய கரி வடிகட்டிகள் ஓடுகின்றன. பாதி பாரம் இறங்கிவிட்டது. கிணறு என்றால் கதை வேறு. அமெரிக்கக் குடிநீர்ச் சட்டம் தனியார் கிணறுகளைத் தொடுவதே இல்லை. ஆனால் வில்மிங்டன் குடிநீர் எடுக்கும் ஆற்றின் மேல்பகுதியில் ஃபெயட்வில் அருகே இருக்கும் கெமர்ஸ் என்ற ரசாயன ஆலைக்கும் மாநில அரசுக்கும் 2019-ல் நீதிமன்றம் மூலம் ஏற்பட்ட உடன்பாடு ஒன்று இருக்கிறது. பாதிப்புப் பகுதியில் உள்ள கிணறுகளை ஆலையே தன் செலவில் சோதிக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு ரசாயனம் லிட்டருக்கு 10 நானோகிராமையோ, எல்லாம் சேர்ந்து 70-ஐயோ தாண்டினால், சமையலறை சிங்க்குக்கு அடியில் ஆர்.ஓ. பொருத்தித் தர வேண்டும். விண்ணப்பித்தாரா என்று விசாரியுங்கள்.

சொந்தமாக வாங்குவதானால் சிங்க் அடியில் வைக்கும் ஆர்.ஓ.வே நல்லது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அந்தத் தண்ணீர் போதும். பெட்டியில் என்.எஸ்.எஃப். 58 என்ற சான்று எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்தச் சான்று பி.எஃப்.ஏ.எஸ். குறைப்பதற்காகத் தரப்பட்டதா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஒரே எண்ணின் கீழ் வெவ்வேறு மாசுகளுக்குத் தனித்தனியாகச் சான்று தருகிறார்கள். கரி வடிகட்டிக்கான எண் 53. அதன் உருளையைச் சொன்ன தேதியில் மாற்றாவிட்டால் வெறும் அலங்காரம்தான், சமயத்தில் அதைவிட மோசம். ஏன் என்று கீழே வருகிறது.

சோதனைக்கு மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. ஆய்வகம் தரும் பாலிபுரொப்பிலீன் புட்டியில்தான் பிடிக்க வேண்டும். குழாய் மரையில் பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப், நீர் ஒட்டாத மழைக்கோட்டு இரண்டுமே மாதிரியைக் கெடுத்துவிடும். அளக்கப்போகும் அளவு அப்படிப்பட்டது. லிட்டருக்கு 4 நானோகிராம் என்றால், ஒரே ஒரு கிராம் ரசாயனம் 25 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாக எண்ணினால் இருபதாயிரத்துக்கும் மேல்.

இனி அந்த 'அவகாசம்'. 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதல்முறையாக நாடு முழுமைக்கும் வரம்பு விதித்தது. இந்தக் குடும்பத்தில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இரண்டுக்கும் லிட்டருக்குத் தலா 4 நானோகிராம், ஜென்-எக்ஸ் உள்ளிட்ட வேறு மூன்றுக்குத் தலா 10, அவற்றோடு பி.எஃப்.பி.எஸ். சேரும் கலவைக்கு, மொத்த ஆபத்தை அளக்கும் ஒரு குறியீடு. நிறைவேற்றக் கெடு 2029. 2025 மே மாதம் முகமையின் தலைவர் லீ செல்டின் அறிவித்தது இரண்டு விஷயங்கள். முதல் இரண்டுக்கும் வரம்பு இருக்கும், கெடு 2031 ஆகும். மற்ற நான்கும் பட்டியலைவிட்டே போகும். நீங்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு அவகாசம் என்கிறீர்கள். எனக்குக் கவலை இரண்டாவது பாதிதான்.

ஏன் என்று புரிய வடிகட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். கரித் தொட்டியில் தண்ணீர் பத்திலிருந்து இருபது நிமிடம் நின்று இறங்கும். எட்டுக் கார்பன் கொண்ட பி.எஃப்.ஓ.ஏ. போன்ற நீளமான மூலக்கூறுகள் கரியில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மாற்றாக வந்த ஜென்-எக்ஸுக்குக் கார்பன் ஆறுதான். அந்த அளவுக்கு ஒட்டாது. புதுக் கரி போட்ட சில காலம் எல்லாமே பிடிபடும். பிறகு ஒட்டாதவை ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச நாளில், பின்னால் வருகிற வலுவான மூலக்கூறுகள் முன்பே ஒட்டியிருந்த பலவீனமானவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். அந்தக் கட்டத்தில் தொட்டிக்குள் நுழைவதைவிட வெளியே வருவதில் ஜென்-எக்ஸ் அதிகமாக இருக்கலாம். ஆற்று நீரில் கரைந்திருக்கும் இலைதழைச் சாறும் கரியில் இடம் பிடித்துக்கொள்வதால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆக, ஒரு குடிநீர் நிலையத்தின் செலவு பெரும்பாலும் கரியை எந்த நாளில் மாற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. ஜென்-எக்ஸுக்கு வரம்பு 10 என்றால், அது கசிகிற நாளே கரி மாற்றும் நாள். வரம்பு பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மட்டும் என்றால், அது கசியும்வரை அதே கரியை ஓட்டலாம். அதற்கு வெகு முன்பே ஜென்-எக்ஸ் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும், நிலையமோ சட்டப்படி 'சுத்தமான' தண்ணீர் தந்துகொண்டிருக்கும். வில்மிங்டன் கண்டிப்பாக இருக்கலாம், பட்ட ஊர் அது. 2013-ல் அங்கு குடிநீருக்காக எடுத்த ஆற்று நீரில் ஜென்-எக்ஸ் சராசரியாக லிட்டருக்கு 631 நானோகிராம் இருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்டார்கள். வழக்கமான சுத்திகரிப்பு அதைத் தொடக்கூட இல்லை. படாத ஊருக்குக் கட்டாயம் எங்கிருந்து வரும்?

சின்ன ஊர் என்கிறீர்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்திலேயே இந்த மாதிரிப் புது மாசுகளுக்காகக் குடிநீர்ப் பணிக்கு 900 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் 500 கோடி சிறிய, வசதியற்ற ஊர்களுக்கென்றே. கைகொடுப்பதுதான் நோக்கம் என்றால் இந்தத் தொகையைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். பட்டியலைச் சுருக்குவதால் லாபம் ரசாயனத்தை ஆற்றில் விட்டவருக்கு. கரிக்கான பணத்தைத் தண்ணீர்க் கட்டணத்தில் கட்டுகிறவர் உங்கள் மகள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்கக் குடிநீர்ச் சட்டத்தின்படி, ஒரு வரம்பைத் திருத்தினால் பாதுகாப்பு முன்பிருந்த அளவிலாவது இருக்க வேண்டும், குறையக் கூடாது. இது தெரிந்ததால்தான் 2025 செப்டம்பரில் முகமை நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நான்கு வரம்புகளையும் விதித்த நடைமுறையே தவறு, ரத்து செய்யுங்கள் என்று தன்னுடைய விதிக்கு எதிராகத் தானே மனுப் போட்டது. நம் ஊர் அரசுகளுக்குக்கூட இந்த யோசனை தோன்றியிருக்காது.

காற்றாலைக்கு வருவோம். அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20-ல் போட்ட ஆணையில் பறவை, கடல் பாலூட்டி எல்லாம் வருகிறது, உண்மைதான். ஆனால் ரோட் ஐலண்டுக்கு அப்பால் கடலில் 65 காற்றாலைகள் கொண்ட ரெவல்யூஷன் விண்ட் திட்டத்தை, 80 சதவீத வேலை முடிந்த நிலையில், ஆகஸ்ட் 22-ல் நிறுத்தியபோது அரசு சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. சுற்றுச்சூழல் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். ஒரே மாதத்தில் நீதிபதி ராய்ஸ் லாம்பர்த் அந்தத் தடையை நிறுத்திவைத்தார், வேலை தொடர்ந்தது.

காற்றாலையோடு நிற்கவில்லை. வீட்டுக் கூரை சோலாருக்குச் செலவில் 30 சதவீத வரிக்கழிவு 2032 வரை கிடைக்கும் என்று 2022 சட்டம் சொல்லியிருந்தது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் அதை 2025 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. பெரிய சோலார், காற்றாலைத் திட்டங்கள் 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானத்தைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 2027 முடிவதற்குள் மின்சாரம் தந்தாக வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு இரண்டு ஆண்டுகளைக் கூட்டுகிற அதே கை, கூரையில் பேனல் போடுகிறவரிடமிருந்து ஏழு ஆண்டுகளைக் கழிக்கிறது. ஒரே ஆண்டின் கணக்கு இது.

இதனால் பசுமை மின்சாரக்காரர்கள் எல்லாரும் புனிதர்கள் என்று எழுதிவிடாதீர்கள். லித்தியம் பேட்டரியின் நேர்முனைப் பொடியை ஒட்டவைக்கும் பசை பெரும்பாலும் ஒரு ஃபுளோரின் பாலிமர். பல சோலார் பேனல்களின் முதுகுத் தாளிலும் அந்த வகைதான். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளில் ஒரு வகைக்கு நாஃபியான் என்ற சவ்வு வேண்டும். அந்த நாஃபியான் தயாராவது எங்கே தெரியுமா? ஆற்றில் ஜென்-எக்ஸ் விட்ட அதே ஃபெயட்வில் வளாகத்தில். சவ்வு கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தயாராகும் இடத்தில் புகைபோக்கியையும் கழிவுநீர்க் குழாயையும் அடைக்க வேண்டும். அடைக்கவும் முடிகிறது: புகையில் போகும் பி.எஃப்.ஏ.எஸ்.ஸில் 99.99 சதவீதத்தை எரித்தழிக்கும் உலை வைக்கும்படி அதே 2019 உடன்பாடு ஆலையைக் கட்டாயப்படுத்தியது.

2017, 2018-ல் வில்மிங்டனில் 344 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லாரும் பயந்த ஜென்-எக்ஸ் அதில் அகப்படவில்லை. உடலில் அதிக நாள் தங்குவதில்லை. 99 சதவீதம் பேரிடம் அகப்பட்டது, நாஃபியான் தயாரிப்பில் மிஞ்சும் துணைப்பொருள்-2. அது 2024-ல் வரம்பு விதித்த பட்டியலில் இல்லை. 2023 முதல் 2025 வரை நாடு முழுக்கக் குடிநீரில் தேடிய 29 பி.எஃப்.ஏ.எஸ். பெயர்களிலும் இல்லை.