கிளெமான்சோ: பிரதமரா, பத்திரிகையாளரா?

கேள்வி: இதழியல் படிக்கிறேன். பிரான்ஸின் ஜார்ஜ் கிளெமான்சோவைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். அரசியல்வாதியாக முன்வைப்பதா, பத்திரிகையாளராகவா? தேதிகளை வரிசையாகச் சொன்னால் எனக்கே கொட்டாவி வருகிறது.

பதில்: இரண்டையும் பிரிக்காதீர்கள். பதவி போன போதெல்லாம் அவருக்குக் கைகொடுத்தது பத்திரிகைதான். அந்த இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1841இல் பிறந்தார், டாக்டருக்குப் படித்தார், சில காலம் அமெரிக்காவில் இருந்தார் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

1880இல் 'லா ஜுஸ்தீஸ்' இதழைத் தொடங்கினார். நாடாளுமன்றத்தில் பேசியே அமைச்சரவைகளைக் கவிழ்ப்பவர் என்று பெயரெடுத்தார். பனாமா கால்வாய் ஊழலில் அவர் பெயரும் அடிபட, 1893 தேர்தலில் தோற்றார். அதன் பிறகு எழுதித்தான் பிழைக்க வேண்டியிருந்தது.

ட்ரைஃபஸ் வழக்குக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894இல் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி அவர். தண்டனை போதாது என்று அப்போது எழுதியவர்களில் கிளெமான்சோவும் ஒருவர்! இதை மறைக்க வேண்டாம். பின்னால் அவர் ட்ரைஃபஸ் பக்கம் மாறியதன் கனம் இதனால்தான் புரியும். 1898 ஜனவரி 13 அன்று, அவர் பணியாற்றிய 'லோரோர்' நாளிதழில், ட்ரைஃபஸ் நிரபராதி என்று வாதிட்டு நாவலாசிரியர் எமில் ஸோலா எழுதிய கடிதம் வந்தது. ஸோலா வைத்திருந்தது குடியரசுத் தலைவருக்குக் கடிதம் என்ற சாதுவான தலைப்பு. கடைசிப் பத்திகளில் திரும்பத் திரும்ப வந்த 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்பதை எடுத்து, முதல் பக்கத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் போட்டவர் கிளெமான்சோ. அன்று சுமார் 3 லட்சம் பிரதிகள். அந்தப் பக்கத்தின் படத்தைத் திரையில் காட்டுங்கள். தலைப்பு வைப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

1906இல் உள்துறை அமைச்சர், அதே ஆண்டு பிரதமர். வேலைநிறுத்தங்களை ஒடுக்க ராணுவத்தை அனுப்பியதால் இடதுசாரிகள் அவரை மன்னிக்கவே இல்லை.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல், காயம்பட்ட வீரர்களை அழுக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றியதைக் கண்டித்து எழுதினார். 'லோம் லிப்ர்' (சுதந்திர மனிதன்) என்ற அவருடைய இதழை அரசு நிறுத்திவைத்தது. 'லோம் அன்ஷேனே' (விலங்கிடப்பட்ட மனிதன்) என்று பெயரை மாற்றி மறுபடியும் கொண்டுவந்தார். 1917 நவம்பரில் அவரே பிரதமர். தணிக்கையை எடுத்தாரா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அரசை விமர்சிக்க விட்டார். ராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை தொடர்ந்தது. போருக்குப் பின் ஜெர்மனியுடன் செய்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தை இரண்டு வரியில் தாண்டிவிட்டு, மிச்ச நேரத்தை இந்தக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.