பி1 முடித்த பிறகும் ஜெர்மன் படம் புரியவில்லையே, என்ன செய்வது?

பி1 (ஜெர்மன் தேர்வில் நடுத்தர நிலை) பாஸ் பண்ணிவிட்டேன், ஆனால் ஒரு ஜெர்மன் படத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடுகிறேன், படம் பார்த்தே அடுத்த நிலையான பி2 வரை போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வேலைக்கு வந்தபோது இதே நிலையில்தான் இருந்தேன்.

முதலில் ஒன்று. உங்கள் ஜெர்மனில் குறை இல்லை. புத்தகம் பார்த்துத் தமிழ் படித்த வெளிநாட்டுக்காரரிடம் "வந்துட்டேன்ல, அப்புறம் என்ன" என்று சொன்னால் விழிப்பார், ஏனென்றால் அவர் படித்தது "வந்துவிட்டேன்". ஜெர்மனிலும் அதே கதைதான். பாடத்தில் "இஹ் ஹாபே எஸ்" என்று படித்தது படத்தில் "ஹப்ஸ்" என்று சுருங்கி வரும், "ஐனெ" என்பது வெறும் "னெ" ஆகிவிடும். எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியோடுதான் நாம் பிறந்ததிலிருந்து வாழ்கிறோம், அதனால் ஜெர்மனிலும் அதைத் தேடிப் பிடிப்பது நமக்குச் சீக்கிரம் கைவரும் என்பது என் எண்ணம்.

நான் ஆரம்பத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு வாரத்துக்கு மூன்று படம் பார்த்தேன். கதை புரிந்தது, காது மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அதிலேயே கிடந்தேன். 2003-ல் வந்த "குட் பை, லெனின்!". கிழக்கு பெர்லினில் ஒரு அம்மா 1989 அக்டோபரில் மயங்கி விழுந்து கோமாவுக்குப் போகிறார், எட்டு மாதம் கழித்துக் கண் விழிக்கும்போது பெர்லின் சுவர் விழுந்துவிட்டிருக்கிறது. அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அவர் படுத்திருக்கும் அறைக்குள் மட்டும் மகன் பழைய கிழக்கு ஜெர்மனியை உயிரோடு வைத்திருக்கிறான்.

பி1-லிருந்து மேலே போகிறவர்களுக்கு இந்தப் படம் ஒரு புதையல். மகன் பின்னணியில் கதை சொல்லும்போது எழுத்து மொழியின் இறந்த காலம் வருகிறது (அதன் பெயர் "ப்ரேடெரிடும்"). அதே ஆள் அக்காவிடம் பேசும்போது பேச்சு மொழியின் இறந்த காலமான "பெர்ஃபெக்ட்"டுக்கு மாறிவிடுகிறான். எதை எங்கே பயன்படுத்துவது என்று வகுப்பில் மூன்று வாரம் குழம்பிய விஷயம், இருபது நிமிடத்தில் காதிலேயே தெளிந்தது. அம்மாவுக்காக அவனும் நண்பனும் போலியாகத் தயாரிக்கிற டிவி செய்திகள் இன்னொரு பக்கம்: அரசாங்க ஜெர்மன், நீளமான வாக்கியங்கள், விறைப்பான குரல். வீட்டுப் பேச்சையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு ஜெர்மனும் தனித்தனியாகத் தெரியும். அம்மா ஸ்ப்ரேவால்ட் வெள்ளரி ஊறுகாய் கேட்க, மகன் பழைய ஜாடியைத் தேடிப் பிடித்து, கடையில் கிடைக்கும் புது ஊறுகாயை அதில் மாற்றிக் கொடுப்பான். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு "ஓஸ்டால்கி" என்ற சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை (கிழக்கைக் குறிக்கும் ஓஸ்ட், அதோடு நாஸ்டால்ஜியா).

பார்க்கிற விதம் முக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடக் காட்சி போதும். முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல், அடுத்தது ஜெர்மன் சப்டைட்டிலோடு, பிறகு நிறுத்தி நிறுத்திக் கூடவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கில சப்டைட்டில் பக்கமே போகாதீர்கள், கண் அதற்குத்தான் ஓடும்.

அப்படிச் சொல்லும்போது சின்னச் சொற்களை விடாதீர்கள். டொஹ், மால், யா, ஹால்ட். பாடப் புத்தகம் இவற்றை ஒரு பக்கத்தில் முடித்துவிடும், ஆனால் இவை இல்லாமல் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலம் வழியாக அர்த்தம் தேடினால் கிடைக்காது, தமிழில் தேடுங்கள். "கொம்" என்றால் வா. "கொம் டொஹ்" என்றால் "வாயேன்". "டூ வைஸ்ட் யா" என்றால் "உனக்குத்தான் தெரியுமே". "தாஸ் இஸ்ட் ஹால்ட் ஸோ" என்றால் "அது அப்படித்தான்". நம் ஏகாரமும் "தான்"-உம் செய்கிற வேலையை அங்கே இந்தச் சொற்கள் செய்கின்றன. இது பிடிபட்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் சர்டிஃபிகேட் கையில் வந்தபோதுகூட வரவில்லை.

அடுத்ததாக "அல்மான்யா" (2011) பாருங்கள். துருக்கியிலிருந்து 1960-களில் வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. இதில் துருக்கியர்கள் தங்களுக்குள் பேசுவது ஜெர்மனில் வரும். அன்றைய ஜெர்மானியர்கள் பேசுவது அர்த்தமே இல்லாத ஒரு கற்பனை மொழியாகக் கேட்கும். முதல் நாள் ரயிலிலிருந்து இறங்கியவன் காதில் ஊர் எப்படிக் கேட்டதோ அப்படி. வெளியிலிருந்து வந்த நமக்கு அது நேராக நெஞ்சில் படும், பேச்சும் தெளிவாக இருக்கும்.

கொஞ்சம் தைரியம் வந்ததும் "டாட்டோர்ட்". 1970 முதல் வருகிற துப்பறியும் தொடர், ஞாயிறு இரவு 8.15-க்கு, ஊருக்கு ஒரு போலீஸ் ஜோடி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். "நேற்று இரவு எங்கே இருந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள்" என்று விசாரணை முழுக்க இறந்த காலமும் "ஸீ" மரியாதையும்தான், இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. பவேரியா, ஆஸ்திரியா பக்கத்துக் கதைகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வட்டார வழக்கு ஆளைத் தள்ளிவிடும். திங்கட்கிழமை ஆபீஸில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை மதியம் கேன்டீனுக்குக் கிளம்பும்போது சக ஊழியர் ஒருவர், "நீ நேற்று பார்க்கலையா?" என்று கேட்டார். வழக்கமாக ஆமாம் சொல்வதா இல்லை சொல்வதா என்று திணறுகிற இடம் அது. "டொஹ்!" என்று வந்தது வாயில். "பார்த்தேனே" என்று தமிழில் எப்படி வருமோ அப்படி, யோசிக்காமல்.