பெயரைச் சுருக்க வேண்டாம், தங்கச்சி

மகளுக்கு நான்கு வயது, ஜேகே (பள்ளியின் முதல் பாலர் வகுப்பு) தொடங்கி ஆறு கிழமை, வகுப்பில் ஒருவருக்கும் அவள் பெயர் வாயில் வருகுதில்லை, "எனக்கு வேற பேர் வையுங்கோ" என்று அழுகிறாள், என்ன படப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் மூத்தவளும் இதே டொரன்டோ ஸ்காபரோவில் இதையே சொல்லி அழுதவள். வாசிக்கவே நெஞ்சு கனத்தது.

காசு கொடுத்து ஒன்றும் வாங்காதீர்கள். டொரன்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன, கார்ட் இலவசம். 'தி நேம் ஜார்' என்று கேளுங்கள். யாங்சூக் சோய் எழுதி வரைந்தது, 2001இல் வந்தது. கொரியாவிலிருந்து வந்த யூன்ஹேயின் பெயரைப் பள்ளி பஸ்ஸிலேயே பிள்ளைகள் நெளித்துச் சிரிக்கிறார்கள். வகுப்பில் கேட்டபோது, இன்னும் பெயர் தெரிவு செய்யவில்லை என்கிறாள். ஆளுக்கொரு பெயரை எழுதி ஒரு போத்தலில் போட்டுக் கொடுக்கிறார்கள். கடைசியில் அவள் எடுப்பது பாட்டி தந்த முத்திரைக் கட்டையில் செதுக்கியிருக்கும் சொந்தப் பெயரைத்தான். நான்கு வயதுக்கு எழுத்துக் கொஞ்சம் கூட. படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள்.

ஆனால் இந்த வகையையே அடுக்கிவிடாதீர்கள். நான் விட்ட பிழை அது. ஒவ்வொரு இரவும் "வேறாக இருந்தாலும் பரவாயில்லை" என்ற கதைகளையே வாசிக்க, தான் வேறு என்பதுதான் பிள்ளையின் மனதில் நின்றது. பிறகுதான் 'தி ஸ்நோவி டே' எடுத்தோம். எஸ்ரா ஜாக் கீட்ஸின் புத்தகம், 1962. சிவப்புப் பனியுடுப்புப் போட்ட பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் நாள் முழுக்கப் பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான். அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒரு பனி உருண்டையைப் பொக்கெற்றுக்குள் பத்திரமாக வைக்கிறான். படுக்கப் போகும்போது பார்த்தால் ஒன்றுமில்லை. அடுத்த நாளே மகளும் தன் ஜாக்கெட்டுக்குள் பனியை அள்ளி வைத்தாள். இரவு ஈரப் பொக்கெற்றை வெளியே இழுத்துக் காட்டி, "பீட்டருக்கும் இப்பிடித்தானே அம்மா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ரீச்சரிடம் நீங்களே போய், கை தட்டித் தட்டி, மகளின் முழுப் பெயரையும் சொல்லிக் காட்டுங்கள். யூன்ஹே கதையை வகுப்பில் வாசிக்க முடியுமா என்றும் கேளுங்கள். எங்கள் ரீச்சர் வாசித்து முடித்துவிட்டு, யார் யாருக்கு யார் பெயர் வைத்தது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டார். என் மகள் எழும்பி நின்று "அம்மம்மா" என்றாளாம்.

நூலகத்துக்குப் போகும்போது உங்கள் பெயரும் முகவரியும் உள்ள அடையாள அட்டையை மறக்காதீர்கள். மகளையும் கூட்டிப் போங்கள், அவள் பெயரிலேயே ஒரு கார்ட் எடுக்கலாம்.